நான்கு புள்ளி எட்டு

சோதனைக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் பெயர் ஒட்டுவேன்.
அமிலம், காரம், காய்ச்சி வடித்த நீர்,
தவளை எலும்பு இருக்கும் பெட்டிக்குக்கூட.
ஈசூன் பள்ளியில் பத்தொன்பது வருடமாக
என் கையெழுத்தைப் பார்த்துத்தான்
பிள்ளைகள் பயப்படக் கற்றிருக்கிறார்கள்.

கைப்பையிலிருந்த புட்டிக்கு மட்டும்
நான் பெயர் எழுதவில்லை.

"சூட்டுக்கு நல்லது" என்றாள் ஷியூ லிங்.
கணக்கு டீச்சர். அவளுக்கும் என் வயது,
மேசைமேல் அதே குட்டி விசிறி.
மூன்றாம் பாடவேளையில் திடீரென்று
யாரோ கழுத்துக்குள் அடுப்பு மூட்டுவதைப் பற்றி
எங்களுக்குள் விளக்கம் தேவைப்படவில்லை.
இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்.
ஈவினிங் பிரிம்ரோஸ்.
மாலையில் பூக்குமாம்.
அந்திமந்தாரைக்குத் தூரத்துச் சொந்தம்
என்று நானாக நினைத்துக்கொண்டேன்.
மஞ்சள் முத்து, உள்ளே அசையும் எண்ணெய்.
பூதானே,
பூவை யார் மருந்துப் பட்டியலில் சேர்ப்பார்கள்?

என் இதயத்தில் ஒரு கதவு உலோகம்.
ஆறு வருடமாக டிக், டிக் என்று
திறந்து சாத்துகிறது.
அதில் ரத்தம் கட்டி நிற்காமலிருக்க வார்ஃபரின்,
திங்கள் புதன் வெள்ளி மூன்று மில்லிகிராம்,
மற்ற நாள் நான்கு. கீரை எப்போதும் ஒரே அளவு.
பாகு காய்ச்சுகிற கவனம்தான்:
கம்பிப் பதமும் கூடாது, நீர்த்தும் போகக்கூடாது.

மாதமொரு முறை விரல் நுனியில் ஒரு குத்து.
வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா,
விட்டமின், ஜாமு, சீன மருந்து?
மலாயில் கேட்பாள் மருந்தாளர் நூர் ஹஃபீஸா.
"தாக் அடா" என்பேன் மலாயிலேயே.
இல்லை, இல்லை, மூன்று மாதமாக இல்லை.
பொய் சொல்லவில்லை.
கேள்வியில் பூ இல்லை.

அந்தச் செவ்வாய், வெங்காயத் தோல் பாடம்.
மெல்லிய கண்ணாடி ஒன்று உடைந்தது.
காகிதம் கீறினாற்போல் ஒரு வெட்டு.
டிஷ்யூ ஒன்று. இரண்டு.
மணியடித்தது, அடுத்த வகுப்பு வந்தது,
அதுவும் கலைந்து போனது,
விரல் மட்டும் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.
வீட்டில் சட்டை மாற்றும்போது பார்த்தேன்,
முழங்கைக்கு மேல் எங்கே இடித்ததென்றே
நினைவில்லாத ஒரு கன்றல், ஊதாவில்.

நான்கு புள்ளி எட்டு என்றது இயந்திரம்.
எனக்கு எல்லை மூன்றரை.
பிட்டுக் காகிதத்தை ஒப்படைக்கும் மாணவியாய்ப்
புட்டியை மேசைமேல் வைத்தேன்.
ஹஃபீஸா திட்டவில்லை. வாசித்தாள்.
"இதுதான் காரணமென்று சத்தியம் பண்ண முடியாது.
ஆராய்ச்சி போதாது.
ரத்தம் உறைவதை இது கொஞ்சம் தடுக்கலாம் என்கிறார்கள்.
வார்ஃபரினோடு சேர்ந்தால் யார் கணக்கு வைப்பது?"

நியாயம்.
ஒரே சோதனையில் இரண்டை மாற்றினால்
எதைக் குற்றம் சொல்வது?
அந்த வாரம் கீரையும் குறைந்திருந்தது.
அதையும் சொன்னேன்.

ஒருநாள் மாத்திரை வேண்டாம், புட்டி எந்நாளும் வேண்டாம்.
"சரி, அப்போ சூட்டுக்கு?"
அதற்கு அவளிடம் டாக்டரின் தேதிதான் இருந்தது,
ஏழு வாரம் தள்ளி ஒரு வியாழன்.

கன்றல் பச்சையாகி மஞ்சளானது.
நான் பார்த்தேயிராத அந்தப் பூ
இந்த நிறமாகத்தான் இருக்குமோ என்னவோ.
இங்கே மாலை ஏழு மணி வாக்கில் வந்து
துணி எடுப்பதற்குள் முடிந்துவிடுகிறது.
பூக்க அதற்கு நேரம் போதுமா தெரியவில்லை.

மிச்சமிருந்த இலவசப் புட்டியை
ஷியூ லிங்கிடம் கொடுக்கப் போனேன்.
ஆஸ்பிரின் ஏதும் எடுக்கிறாயா என்று கேட்டேன்.
அவள் யோசித்தாள்.
அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை.
திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மணி மூன்று. அடுப்பு மூண்டுவிட்டது.
குளிர்ப்பெட்டியைத் திறந்து
அளந்து வைத்த கீரைக்கு முன்னால் நிற்கிறேன்,
உள்ளே இன்னொரு கதவு டிக், டிக்.
ரொம்ப நேரம் திறந்தே வைத்தால்
இது கூவத் தொடங்கும்.
கூவட்டும், இன்னும் கொஞ்சம்.